வேலூரில் தாம்பாளம் வைத்துப் பரிமாறும் மந்திக் கடைக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார், ஒருவர் ஒன்று கொடுக்கிறார். யாரை நம்பிப் போவது?

கேள்வியில் கடையின் பெயர் இல்லை. நானும் சொல்லப்போவதில்லை. மந்தி என்ற அரபு நாட்டுச் சோற்றையும் கறியையும் பெரிய தாம்பாளத்தில் குவித்து நடுவில் வைப்பார்கள், சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அதிலேயே சாப்பிட வேண்டும், பாதிப் பேர் புகழ்கிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள், வீட்டாரை அழைத்துப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டிய பாதியில் நானும் ஒருவன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டில் மூட்டுவலியோடு ஒரு பெரியவரும், எதைப் பார்த்தாலும் படம் எடுக்கும் ஒரு பிள்ளையும், நடுவில் பணம் கட்டப்போகும் நீங்களும் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். தனியாகப் போகிறவர் இப்படிக் கேட்கமாட்டார். பசித்தால் போவார், பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு கடையில் ஏறுவார்.

இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே தாம்பாளத்தைப் பற்றி எங்கள் வீட்டிலிருந்தே மூன்று விமர்சனங்கள் போயிருக்கின்றன. ஐந்து, மூன்று, இரண்டு. படிக்கிறவர்களுக்கு மூன்று வேறு கடைகள் என்றுதான் தோன்றும். ஒரே இரவு, ஒரே மேசை, ஒரே ஆட்டுத்தொடை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓசூரிலிருந்து தம்பி தன் மகனோடு வந்திருந்தான். பையன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அவன்தான் கடையைத் தேர்ந்தெடுத்தான். நான், என் மனைவி, எழுபத்தெட்டு வயது அம்மா, ஆக ஐந்து பேர். போன இடத்தில் தரையில் மெத்தை போட்டுக் குட்டை மேசை வைத்திருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உட்கார்ந்துவிடுவேன், எழுந்திருக்க நான்கு பேர் வேண்டும்" என்றார். நாற்காலி போட்ட மேசை ஒன்றே ஒன்று இருந்தது. அது காலியாக முப்பத்தைந்து நிமிடம் வாசலில் நின்றோம். உணவுப் பட்டியல் அச்சில் கிடையாதாம், மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியில் காட்ட வேண்டுமாம். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவனுக்கு அது பட்டியல் அல்ல, கண் பரிசோதனை.

பிறகு தாம்பாளம் வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள் என்று மூன்று நிறத்தில் சோறு. அதன்மேல் ஒரு முழுக்கோழி கால் விரித்துப் படுத்திருந்தது. அந்தக் கோடியில் ஆட்டுத்தொடை. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கல் நட்டதுபோல் நான்கு அவித்த முட்டைகள் (நாங்கள் ஐந்து பேர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்). முந்திரி, திராட்சை, பொரித்த வெங்காயம், மாதுளை முத்து, ஒரு ஓரம் வெள்ளரிக்காயும் முட்டைக்கோசும், இன்னொரு ஓரம் உருளைக்கிழங்கு வறுவல். இத்தனைக்கும் மேலே சிவப்புச் சாறு ஒன்றும் வெள்ளை மயோனைஸும் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்குக்கோலம் போட்டிருந்தன. நடுவில் ஒரு கிண்ணத்தில் கரித்துண்டு வைத்து நெய் விட்டிருந்தார்கள். புகை நேராக என் மனைவியின் கண்ணுக்குப் போனது.

பையன் படம் எடுத்து முடிக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. அம்மா கேட்டார்: "இதில் எது சோறு, எது பூ?"

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. தம்பி மகன் முன்னால் கோழியின் கால். தம்பி முன்னால் ஆட்டுத்தொடை. என் மனைவி பக்கம் முட்டைக்கோசும் புகையும். என் பக்கம் வெள்ளைச் சோறும் முட்டையும். அம்மா மட்டும் தனித்தட்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

பையன் கை கழுவுவதற்கு முன்பே ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டான். "தட்டில் திருவிழா" என்று ஒரு வரி. அவன் சொன்னது உண்மை, அவன் பக்கம் திருவிழாதான். என் மனைவி அவன் வற்புறுத்தியதற்காக மூன்று போட்டார்: "சோறு ஆறிவிட்டது. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது." நான் வீட்டுக்கு வந்து இரண்டு நட்சத்திரமும் பதினான்கு வரியும் எழுதினேன். கடைக்காரர் என்னுடையதற்கு, "நன்றி, மீண்டும் வருக" என்று பதில் போட்டிருந்தார். பையனுக்கும் அதே வரி. ஆக, அவரும் படிக்கவில்லை.

தம்பி எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்த மேசையில் மந்தி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆறு ஆண்டுகள் ஓமனில் வேலை பார்த்தவன். மந்தி ஏமன் நாட்டில் ஹத்ரமவுத் பக்கத்துச் சமையல். நிலத்துக்குள் இறக்கிய குழியடுப்பில் சோற்றை அடியில் வைத்து, கறியை அதற்கு மேலே வைத்து மூடிவிடுவார்கள். கறியின் கொழுப்பு சொட்டுச் சொட்டாகச் சோற்றில் இறங்க வேண்டும், புகை ஏற வேண்டும். காரம் குறைவு, மசாலா குறைவு. "அங்கே தட்டில் சோறும் கறியும்தான் இருக்கும், அண்ணா. தக்காளி, மிளகாய் அரைத்த துவையல் ஒன்று ஓரமாக வரும். இது கல்யாண மேடை" என்றான். சொல்லிக்கொண்டே தொடையைப் பிய்த்துச் சாப்பிட்டான்.

நட்சத்திரங்கள் முட்டிக்கொள்ள இது ஒரு காரணம். வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு இது அளவுக்கு மீறிய அலங்காரம். ஆம்பூர், வாணியம்பாடி பிரியாணியில் வளர்ந்த நாக்குக்கு இதே சோறு சப்பென்று இருக்கும். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதும் தயிரும் ஏறிய கறி, சீரகச் சம்பா, மூடிமேல் நெருப்புக்கரி என்று பழகியவனுக்கு நீள அரிசி பல்லில் படுவதே வேறு. காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மயோனைஸ் இருந்தால் போதும். எங்கள் பக்கத்து மேசையில் மருத்துவமனைக்கு வந்திருந்த ஒரு வங்காளக் குடும்பம் வெறும் சோறும் பருப்பும் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"ஒரே தட்டில் சாப்பிடுவது பிடிக்காத ஆள், அதனால் குறை சொல்கிறார்" என்று ஒருவர் கீழே எழுதத்தான் போகிறார். அவருக்காக இதையும் சொல்கிறேன்.

நான் பேரணாம்பட்டில் வளர்ந்தவன். அப்பா தோல் தொழிற்சாலையில் கணக்கெழுதினார். 1983-இல், நான் ஏழாம் வகுப்பு, உடன் படித்த முஸ்லிம் நண்பனின் அக்கா கல்யாணத்துக்குப் போனேன். நீளத் துணி விரித்து, ஒரு தட்டுக்கு நான்கு பேராக உட்காரவைத்தார்கள். தட்டில் பிரியாணி, அது ஒன்றுதான். கத்தரிக்காயும் பச்சடியும் தனிக் கிண்ணத்தில். சோறு சமமாகப் பரப்பியிருந்தது, கறி உள்ளே புதைந்திருந்தது. எங்கள் தட்டில் ஒரு பெரியவர், மூன்று பையன்கள். நான் நேராக நடுவில் கையை விட்டேன். பெரியவர் என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, "உன் முன்னால் இருப்பதைச் சாப்பிடு, தம்பி" என்றார். பிறகு அவரே கறியை வெளியே எடுத்து, எலும்பிலிருந்து பிய்த்து, எங்கள் மூன்று பேர் முன்னாலும் வைத்தார். எலும்பை அவர் வைத்துக்கொண்டார். சோற்றில் அவர் விரல் போன தடம் இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர் பக்கத்துச் சோற்றைத் தவிர வேறெங்கும் கலையவில்லை.

வீட்டில் வந்து சொன்னபோது எச்சில் என்று அடி விழும் என்று பயந்தேன். அம்மா, "எத்தனை துண்டு வந்தது?" என்று மட்டும் கேட்டார்.

மதத்தைப் பற்றி நான் பேசவில்லை, பழைய காலம்தான் உசத்தி என்றும் சொல்லவில்லை. பழைய காலத்தில் எங்கள் வீட்டில் கறி மாதம் ஒருமுறைதான். நான் சொல்வது வேறு. "உன் முன்னால் இருப்பதைச் சாப்பிடு" என்ற விதி செல்லுபடியாக வேண்டுமானால், எல்லார் முன்னாலும் ஒன்றே இருக்க வேண்டும். இந்தக் கடைத் தாம்பாளத்தில் ஒருவன் முன்னால் தொடை, ஒருத்தி முன்னால் முட்டைக்கோசு. விதியை மதித்தவர் பட்டினி, மீறியவர் வயிறு நிறைந்தார். மீறிக் கை நீட்டினால் நடுவில் கரிக்கிண்ணம் சுடுகிறது. என் பதினான்கு வரியில் பத்து வரி இதைப் பற்றித்தான்.

அன்று கறியைப் பிய்த்துப் பங்கு வைத்திருக்க வேண்டியவன் நான். மூத்தவன். செய்யவில்லை. மனைவி முட்டைக்கோசு மென்றுகொண்டிருந்ததை நான் கவனித்ததே, தொடையில் எலும்பு மட்டும் மிஞ்சிய பிறகு. விமர்சனத்தில் அந்த வரி இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன், மன்னிக்கவும். வெளியூர் சாலைகளில் எங்கே பார்த்தாலும் ஆம்பூர் என்று பலகை தொங்குகிறது. உள்ளே போனால் பாஸ்மதி. கத்தரிக்காய் கேட்டால் சால்னாவைக் காட்டுகிறார்கள். கத்தரிக்காய் இல்லாமல் என்ன ஆம்பூர்? நம் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. எண்ணெயில் வதங்கிப் புளிப்பும் காரமுமாக அது ஓரத்தில் இருந்தால்தான் அந்தப் பிரியாணி முழுதாகும். சென்ற ஆண்டு சென்னையில் ஒரு கடையில் இதைச் சொன்னேன். பரிமாறிய பையன், "அது ஆம்பூரில்தான் சார் கிடைக்கும்" என்றான். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனைத் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். என் மனைவி இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்று திருத்த வருகிறவர்களுக்கு: தெரியும், 2019-இல் பிரித்தார்கள். 1989 வரை எல்லாமே வட ஆற்காடு. நான் அந்த ஊர்க்காரன்.

அம்மாவைப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் தனித்தட்டில் கொஞ்சம் வெள்ளைச் சோறு போட்டு, மயோனைஸைத் தொட்டு நாக்கில் வைத்தார். "தயிர் புளிக்கவே இல்லையே, எந்தக் கடைத் தயிர்?" என்றார். யாரும் திருத்தவில்லை. எனக்குத்தான் பக்கென்றது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்ட செய்தியைப் படித்தவன் நான். பரிமாறுபவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "முட்டை சேர்க்காதது ஐயா" என்றார். அதற்குள் அம்மா இரண்டு கிண்ணம் வாங்கிச் சோற்றில் பிசைந்து, மாதுளை முத்தைப் பொறுக்கி மேலே தூவிக்கொண்டார். தயிர்ச்சோற்றுக்கு நம் வீட்டில் போடுவதுதானே! ஐந்து பேரில் வயிறும் மனமும் நிறையச் சாப்பிட்டது அவர்தான்.

சரி, உங்கள் கேள்வி. போங்கள். ஞாயிறு இரவு மட்டும் வேண்டாம், வேலைநாள் மதியம் போனால் சோறு சூடாக இருக்கும், நாற்காலி மேசையும் கிடைக்கும். சாறுகளை மேலே ஊற்றாமல் கிண்ணத்தில் தரச் சொல்லுங்கள், தருகிறார்கள். கரிக்கிண்ணம் புகைந்து முடிந்ததும் எடுத்துவிடச் சொல்லுங்கள். நான்கு பேர் தாம்பாளத்தை ஐந்து பேருக்கு வாங்காதீர்கள், முட்டையிலேயே சண்டை வரும். தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசு. தாம்பாளத்தைக் கொஞ்சம் சுற்றித் திருப்பலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அது எனக்கு அன்று தோன்றவில்லை.

தம்பி விமர்சனத்தை எடுத்துவிடச் சொல்கிறான், பையன் முகம் வாடுகிறதாம். இரண்டு இரண்டாகவேதான் இருக்கிறது. இதற்கிடையில் அம்மா நேற்றுக் கேட்டார், அந்தப் புளிக்காத தயிர்க் கடைக்கு மறுபடி எப்போது போகிறோம் என்று. சித்திரையில் தம்பி வந்ததும் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.