அரிய நிற ஆக்சோலாட்டிலுக்குத் தனிப் பராமரிப்பு வேண்டுமா?

உடலின் ஒரு பாதி வெளிர்நிறமும் மறுபாதி கருமையுமான ‘கைமீரா’ ஆக்சோலாட்டிலை (மெக்சிகோவின் நீர்வாழ் சாலமாண்டர்) வாங்கலாமா, அதற்குத் தனிப் பராமரிப்பு தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கருக்கள் தொடக்கத்திலேயே இணைந்து ஒரே உடலாக வளரும் தற்செயலால் உண்டாகும் அந்தத் தோற்றம் குஞ்சுகளுக்குச் செல்லாது என்பதால், ‘கைமீரா இனப்பெருக்க ஜோடி’ என்று சொல்லி அதிக விலை கேட்பவரைத் தயவுசெய்து நம்பாதீர்கள். மாறாக, வெளிர்ந்த உடலும் கரிய கண்களும் கொண்ட லூசிஸ்டிக் வகை மரபுவழியாக வருவது. 1860களில் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற 34 விலங்குகளிலேயே அத்தகைய வெள்ளை ஆண் ஒன்று இருந்தது. நிறமிச் செல்கள் உடலெங்கும் பரவாமல் நின்றுவிடுவதே அந்த வெண்மைக்குக் காரணம்.

நிறம் எதுவானாலும் இது மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ ஏரி, கால்வாய்களின் குளிர்ந்த நீருக்குரிய உயிர். தொட்டி நீர் 16 முதல் 18 டிகிரி செல்சியசில் இருப்பது நல்லது; 24ஐத் தாண்டினால் விலங்கு நலிவடையும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இருக்கக்கூடாது. விழுங்கிவிடும் என்பதால் சரளைக்கல் வேண்டாம். கருநிறமி இல்லாத அல்பினோ வகையின் கண்களுக்கு மட்டும் வெளிச்சத்தை இன்னும் குறைத்து, ஒளிந்துகொள்ள மறைவிடம் அமைத்துக் கொடுங்கள்.