மார்கழி ஈரத்தில் பசை காயுமா?

திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அரையாண்டு விடுமுறைக்கு ஆறாவதும் ஒன்பதாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். போன வருடம் பழைய நோட்டுகளில் மீந்த தாள்களைத் தைத்து, அட்டை போட்டுப் புது நோட்டு செய்தோம். அட்டை அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. பொங்கலுக்குள் உள்பக்கம் பூஞ்சை வேறு. இந்த வருடமாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். அப்படியே, என் மாமனார் வைத்திருந்த பழைய புத்தகம் ஒன்று முதுகு விட்டுப்போய்க் கட்டுக்கட்டாகக் கழன்று வருகிறது. அதையும் நாங்களே பைண்டிங் செய்துவிடலாமா?"

நோட்டுகளைத் தாராளமாகச் செய்யுங்கள். மாமனார் புத்தகத்துக்குக் கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் வருகிறேன்.

அட்டை வளைந்ததற்குக் காரணம் உங்கள் கை அல்ல. தாளில் உள்ள நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்குவாக்கில் ஊதும். அட்டையின் வெளிப்பக்கம் பசை தடவி ஒட்டிய தாள் முதலில் ஊதி, காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. உள்பக்கத்தில் எதிராக இழுக்க ஒன்றும் இல்லையென்றால் அப்பளம்தான். அதனால் வெளித்தாள் ஒட்டிய அன்றே உள்ளேயும் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். அட்டை, வெளித்தாள், உள்தாள் மூன்றுக்கும் நார் ஒரே திசையில், புத்தக முதுகுக்கு இணையாக ஓட வேண்டும்.

நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது எப்படி? தாளின் ஓரத்தில் தீப்பெட்டி அளவு ஒரு துண்டை வெட்டி, பெரிய தாளில் அது எப்படி இருந்தது என்று பென்சிலால் அம்புக்குறி போட்டு, ஒரு பக்கம் மட்டும் ஈரவிரலால் தடவுங்கள். அது குழாய் மாதிரி சுருண்டு கொள்ளும். குழாய் நீளும் திசைதான் நார் ஓடும் திசை. பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், வீட்டிலிருக்கிற பில், பொட்டலத் தாள் ஒன்றையும் விடமாட்டார்கள். அட்டைக்குத் தண்ணீர் வேண்டாம். இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவில் மடிப்பு விழும் கோட்டின் நீளவாக்கில் நார் ஓடுகிறது.

அடுத்தது பசை. கடைகளில் பைண்டிங் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலப்பது பழைய வழக்கம். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது கூடவே கூடாது. அதிலுள்ள செம்பு நாளாவட்டத்தில் தாளையும் கெடுக்கும். ஒரு கரண்டி மைதாவுக்கு ஐந்து கரண்டி தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளையாக இருப்பது மெல்லக் கண்ணாடி மாதிரி தெளியும். கரண்டியைத் தூக்கினால் ஒழுகாமல் தொத்தித் தொத்தி விழ வேண்டும். அதற்கப்புறமும் ஐந்து நிமிடம் விடுங்கள், அரைவேக்காட்டுப் பசை பிடிக்காது. ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டினால் தூரிகையில் சீராக இழுக்கும். ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டு வேறு காய்ச்சுங்கள்.

தையலுக்கு எளிய வழி ஒன்று சொல்கிறேன். பழைய நோட்டின் நடுப்பின்னைக் கழற்றினால் மீந்த தாள்கள் மடித்த இரட்டைத் தாளாகவே கிடைக்கும். அந்த மடிப்பை மாற்றாதீர்கள். எட்டு இரட்டைத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 32 பக்கம். மடிப்பின் வெளியே, இரண்டு அங்குல அகலத்தில் பழைய வேட்டித் துணிப் பட்டை ஒன்றைச் சுற்றி, துணியோடு சேர்த்து மூன்று துளை போடுங்கள், நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. நூல் நோட்டின் உயரத்தைப்போல மூன்று மடங்கு இருக்கட்டும், மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே போகும், மேல்துளையில் உள்ளே வரும், நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறும், திரும்ப நடுத்துளையில் உள்ளே வரும். உள்ளே நீளமாக ஓடும் நூலின் இருபக்கமும் ஒவ்வொரு முனை நிற்கும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். வேட்டிப் பட்டையின் இரண்டு இறகையும் இரண்டு அட்டையில் ஒட்டினால் நோட்டு அட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் குத்தித் தைக்கும் சைடு தையலை நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. அப்படித் தைத்த நோட்டு விரிந்து படுக்காது, படுக்காத நோட்டில் பிள்ளைகள் எழுதமாட்டார்கள்.

அட்டையும், முதுகில் ஒட்டக் காலிகோ துணியும் வாங்க மெட்ரோ ஏறி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி, ஆண்டர்சன் தெருவுக்கு நடந்து போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். காலிகோ என்ற பெயர் கோழிக்கோட்டிலிருந்து வந்தது என்று சொன்னால் அந்தத் துணியை இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பார்கள். திரும்பும் வழியில் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடாமல் வந்தால் அது விடுமுறையே இல்லை.

வெளித்தாளைக் கடையில் வாங்காதீர்கள். காய்ச்சிய பசையிலேயே வண்ணத்தாள் செய்யலாம். ஐரோப்பாவில் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பைண்டர்கள் இப்படித் தாள் செய்து அட்டைக்குப் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் பசையில் போஸ்டர் கலர் கலக்குங்கள். கனமான தாளை ஈரத்துணியால் ஒற்றி, வண்ணப் பசையை அகலத் தூரிகையால் ஒரே சீராக இழுத்து விடுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே பல் உடைந்த சீப்பை அலையலையாக இழுத்தால், பல் போன தடத்தில் வெள்ளையும் ஓரத்தில் ஒதுங்கிய வண்ணம் அடர்த்தியாகவும் நிற்கும். பிடிக்கவில்லையென்றால் தூரிகையால் அழித்துவிட்டு மறுபடி இழுக்கலாம். மார்கழி மாதம் வாசலில் புள்ளி வைத்துப் பழகிய விரல், இந்தப் பசையில் வைத்தால் தானாகவே சிக்குக் கோலம் போடும். பத்துத் தாள் செய்தால் பத்தும் பத்து விதம். விடுமுறையில் இரண்டு நாள் இதிலேயே போனாலும் நான் குறை சொல்லமாட்டேன், எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த வேலை இதுதான்.

அப்புறம் காய்வது. உங்கள் பிரச்சினையின் வேரே இங்கேதான் இருக்கிறது. கடலுக்குச் சில தெரு தள்ளி இருக்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழை இன்னும் முழுசாக விலகியிருக்காது, காற்றில் ஈரமும் உப்பும் நிற்கும். மே மாதத்தில் ஒரு இரவில் காய்கிற அட்டை இப்போது மூன்று நாள் கேட்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சை வராமல் என்ன செய்யும்? ஒட்டிய நோட்டின் இருபக்கமும் பட்டர் பேப்பர், அதன்மேல் மடித்த செய்தித்தாள், அதன்மேல் ஒரு பலகை, அதன்மேல் அம்மிக்கல். அரை மணி நேரத்தில் செய்தித்தாளை மாற்றுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை. மறுநாளிலிருந்து காலையும் மாலையும். எடுத்த செய்தித்தாளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் வருகிறது என்று அர்த்தம். சில்லிப்பு நின்ற பிறகும் ஒரு நாள் பாரத்திலேயே இருக்கட்டும். வெயிலில் வைக்கும் ஆசை வரும், வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து மறுபடி வளைந்துவிடும். அரையாண்டு விடுமுறை இந்த வேலைக்கென்றே அளந்து வைத்த மாதிரி. ஒரு நாள் தையல், ஒரு நாள் அட்டை, மற்ற நாள் அம்மிக்கல்லின் கீழே.

சரி, மாமனார் புத்தகம். அதில் ஃபெவிகால், செல்லோடேப் இரண்டும் படவே கூடாது. காய்ந்த ஃபெவிகாலைத் தாள் கிழியாமல் பிரிக்க முடியாது. டேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய அகராதியின் முதுகில் நான் ஃபெவிகால் போட்டுவிட்டேன். சில வருடம் கழித்து அது திரும்பி வந்தபோது ஒவ்வொரு ஃபாரத்தின் (சேர்த்து மடித்துத் தைத்த தாள்கட்டின்) மடிப்பும் பசையோடு கிழிந்தது. கொண்டுவந்தவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

பூஞ்சை வாடை அடித்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் நிழலில், மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பக்கமாகத் தட்டிவிடுங்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஓரத்தில் இராமபாணப் பூச்சி அரித்திருந்தால் அலமாரியையும் காலி செய்து துடையுங்கள். சின்னக் கிழிசலை நீங்களே ஒட்டலாம், ஆனால் மைதாப் பசையால் அல்ல. மைதாவிலுள்ள புரதம் பூச்சிக்குத் தீனி. அல்வாவுக்கு எடுப்பதுபோல் கோதுமைப் பால் எடுத்து, தெளிய வைத்து, அடியில் தங்கும் வெள்ளை மாவை மட்டும் பசையாகக் காய்ச்சுங்கள். மெல்லிய டிஷ்யூ தாளை (கை துடைக்கிற டிஷ்யூ அல்ல, புத்தகப் பழுதுக்குப் பயன்படும் நீள நார்த் தாள்) கையால் கிழித்து, நார் பிசிறாக நிற்கும் ஓரத்தோடு, ஊசிமுனை அளவு பசையில் ஒட்டுங்கள். கத்திரியால் வெட்டினால் அந்த நேர்க்கோட்டிலேயே பிறகு முறியும்.

முதுகுத் தையலை மட்டும் அனுபவமுள்ள பைண்டரிடம் விடுங்கள். கொடுக்கும்போது "ஓரம் வெட்ட வேண்டாம், பழைய துளையிலேயே தையுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கட்டிங் மெஷினில் ஓரத்தைச் சீவிவிடுவார்கள், மாமனார் ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பும் அதோடு போய்விடும்.

கொடுப்பதற்கு முன் ஒரு காரியம். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த புத்தகமாக இருந்தால், தாளின் பின்பக்கத்தை விரல்நுனியால் தடவினாலே எழுத்து அழுந்திய மேடு தட்டுப்படும். பிள்ளைகளைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது எடுத்துவந்த அச்சு இயந்திரம் நம் வேப்பேரிக்குத்தான் வந்தது, ஜெர்மன் பாதிரியார் ஃபப்ரீசியஸின் தமிழ் அகராதி 1779இல் அங்கேதான் அச்சானது என்றும் சொல்லுங்கள். பைண்டரிடம் போகும்வரை புத்தகத்தைப் பக்க வரிசை மாறாமல் அடுக்கி, வேட்டித் துணியில் சுற்றி, நாடாவால் தளர்வாகக் கட்டிப் படுக்க வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். இன்னொன்று, போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் யாரும் அதைப் பழைய பேப்பரோடு சேர்த்துவிடாமலிருக்க, கட்டின்மேல் மாமனார் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.