ரொப் கியரில் மெதுவாக ஓடினால் பெற்றோல் மிச்சமாகுமா, எஞ்சினுக்குக் கேடா?

100 சிசி வண்டியில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு 25, 30 கிலோமீற்றர் வேகத்தில் நாலாம் கியரில் போகும்போது வண்டி தடதடவென்று அதிர்வதாகவும், பெற்றோலை மிச்சம் பிடிக்க அதுதான் வழி என்று நண்பர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதிரும் அளவுக்கு இழுத்தால் மிச்சமும் இல்லை, எஞ்சினுக்குக் கேடும் உண்டு என்பதே என் பதில். நான் மெக்கானிக் அல்லன். வெளிக்கள உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவன். ஆனால் எங்கள் தலைமுறைக்கு இந்தப் பாடத்தை மண்ணெண்ணெய் கற்றுத் தந்தது என்பதால் எழுதுகிறேன்.

1990 இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின் யாழ் குடாநாட்டில் பெற்றோல் என்பது போத்தலில் அளந்து விற்கும் பொருளாகிவிட்டது. எம்டி 90 என்ற ஹொண்டா மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெயின் ஒக்ரேன், அதாவது அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை, பெற்றோலை விட மிகக் குறைவு. பின்னால் ஆளையோ மூட்டையையோ வைத்துக்கொண்டு உயர்ந்த கியரில் இழுத்தால் கலவை ஒழுங்காக எரியாமல் ஒரு பகுதி தானாகவே வெடிக்கும்; சிலிண்டருக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்கும். கேட்ட கணமே கால் தானாக ஒரு கியர் குறைத்துவிடும். வண்டி கெட்டால் மாற்றுப் பாகமும் கிடைக்காத காலம் அது. இன்று 92 ஒக்ரேன் பெற்றோல் அந்தத் தட்டலை வெகுவாக அடக்கிவிடுகிறது. ஆனால் எஞ்சின் படும் பாடு அப்படியேதான் இருக்கிறது.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் பங்கீட்டு முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றபோது, சுன்னாகத்தில் இருந்து வேலணைக்கு வேலைக்குப் போய்வந்த என் தங்கையின் மகன், உங்கள் நண்பர்கள் சொல்வதைப் போலவே எடுத்த எடுப்பில் நாலாம் கியருக்குப் போகும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டான். சில மாதங்களில் வண்டியில் சத்தம் என்று ஒரு கராஜுக்குக் கொண்டுபோக, எஞ்சினைப் பிரித்து போர் அடிக்க (சிலிண்டரின் உட்சுவரைக் கடைய) வேண்டும் என்று சொல்லி ஒரு பெருந்தொகை கேட்டார்கள். பிரிப்பதற்கு முன் ஒரு தடவை நான் ஏறிப் பார்க்கிறேன் என்று அவன் பின்னால் உட்கார்ந்தேன்.

சோளகக் காலம் அது. யாழ்ப்பாணத்தில் இருந்து கடலைக் கடந்து வேலணைத் தீவுக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று வேலணைப் பக்கம் போகிறவனை முகத்தில் பிடித்துத் தள்ளும். சமதரை என்றாலும் எஞ்சினுக்கு அது ஏற்றந்தான். அவன் அக்சிலேற்றரை முக்கால்வாசிக்கு மேல் முறுக்கி வைத்திருந்தான், வேகமோ 30 ஐத் தாண்டவில்லை. பின்னால் வந்த பஸ் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கலங்கலாக மட்டுமே தெரிந்தது; அவ்வளவு நடுக்கம். என் பாதத்தின் கீழ் இருந்த கம்பியும் குறுகுறுத்தது. மூன்றாம் கியருக்கு மாற்றச் சொன்னேன்.

"மாமா, சத்தம் கூடுதே, பெற்றோல் குடிக்காதோ?"

சத்தம் கூடியது உண்மைதான். ஆனால் கண்ணாடியில் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்க முடிந்தது. முறுக்கிய கையைப் பாதிக்குத் தளர்த்தியும் வண்டி 35 இல் போனது. போர் அடிக்கவில்லை. செயினை இறுக்கி, ஒயில் மாற்றி, கியரைத் திருத்தியதோடு அந்த வண்டி இன்றும் ஓடுகிறது.

காரணம் எளிது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதே வேலையைச் செய்ய ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்ரனைக் கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது; அந்த அடி கனெக்ரிங் றொட்டின் பேரிங்கிலும் செயினிலும் இறங்குகிறது. ஒயில் பம்பை எஞ்சினே சுற்றுவதால், சுற்று குறைந்தால் ஒயில் ஓட்டமும் குறைகிறது. ஆக, பாரம் கூடிய நேரத்தில்தான் காப்பு மெலிகிறது. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு அந்த வேகத்தில் காற்றும் போதாது.

சமதரையில், ஒரே வேகத்தில், எஞ்சின் திணறாத வரை உயர்ந்த கியரில் ஓடினால் பெற்றோல் மிச்சமாகும் என்று யாராவது வந்து சொல்வார்கள். நானும் அதை மறுக்கவில்லை. 'திணறாத வரை' என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வழக்கு. புதிய வண்டிகளில் எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும் என்பவர்களும் உண்டு. அது பெற்றோலை அளந்து விடும். உங்கள் காலுக்குப் பதிலாகக் கியர் மாற்றாது. அதற்காக முதலாம் கியரிலேயே அலறவிட்டுக்கொண்டு போங்கள் என்றோ, 60 இல் போகும்போது சட்டென்று இரண்டாம் கியரை மிதியுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. பின்னதைச் செய்தால் பின்சில்லு இறுகி வழுக்கும்.

நீங்கள் மூவராகப் போகிறீர்கள். ஆகவே வேகமுள்ளைப் பார்த்து மட்டும் கியரைத் தீர்மானிக்காதீர்கள். அக்சிலேற்றரை இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பாருங்கள், வண்டி உடனே இழுத்தால் கியர் சரி, இழுக்காமல் நடுங்கினால் ஒன்று குறையுங்கள். ஆஸ்பத்திரி வீதி போன்ற நெரிசலில் நாலாம் கியரிலேயே வந்து நின்று, பாதிக் கிளச்சில் உறுமி எடுப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். இவ்வகை வண்டிகளில் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலிலேயே தோய்ந்திருப்பதால், தேய்ந்த தூள் முழுவதும் அந்த ஒயிலில்தான் கலக்கிறது. நிற்பதற்கு முன்பே படிப்படியாகக் குறைத்து வாருங்கள். லைசென்ஸுக்கு எட்டுப் போடப் பழக்குகிறவர்கள் இதையும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சரியான கியரிலும் சத்தம் நிற்கவில்லை என்றால், வண்டியை நேராக நிறுத்தி ஒயில் அளவைப் பாருங்கள், செயின் தொய்வைப் பாருங்கள். அதன் பிறகு கராஜுக்குப் போங்கள். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றால், உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லி, கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கி வாருங்கள்.