இரவல் கேமரா

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேமரா வாங்குவதற்காக யூடியூபில் மதிப்புரைகளைப் பார்த்து வருகிறேன். கேமரா அறிமுகமான அதே மணிநேரத்தில் பலரும் ஏறக்குறைய ஒரே கருத்தைச் சொல்கிறார்கள். நிறுவனச் செலவில் பயணம் போய்ப் படமெடுத்தவர்களும், ‘பணம் எதுவும் வாங்கவில்லை’ என்கிறார்கள். நம்பலாமா?

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

பணம் வாங்கவில்லை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். அவர்கள் பெறுவது வேறு. அறிமுக நாளில் வெளியாகும் காணொளிக்குச் சேரும் கூட்டம், இரண்டு வாரம் கழித்து வருவதற்குச் சேராது. அன்றே வெளியிட வேண்டுமென்றால் நிறுவனம் முன்கூட்டியே கேமராவை இரவல் தந்தாக வேண்டும். யாருக்குத் தருவது என்பது நிறுவனத்தின் விருப்பம். அடுத்த கேமராவும் தன் கைக்கு வர வேண்டும் என்று நினைப்பவரின் குரல், யாரும் மிரட்டாமலே தணிந்துவிடும்.

நிபந்தனையாகவே எழுதி வைத்ததும் உண்டு. போட்டி நிறுவனங்களின் கைபேசிகளுக்கு முன்னுரிமை தருவதாகத் தெரிந்தால் உறவை முடித்துக்கொள்வோம் என்ற வரி, தன் பிக்சல் கைபேசிகளை இணையப் பிரபலங்களுக்குக் கொடுத்துப் பேசவைக்கும் கூகுளின் ‘டீம் பிக்சல்’ திட்டத்தில் இருந்தது 2024 ஆகஸ்டில் வெளியே வந்தது. அது செய்தியாளர்களுக்கான திட்டமல்ல என்று விளக்கிய கூகுள், அந்த வரியை நீக்கியது.

ஆனாலும் பொய்யைவிட அவகாசமின்மையே வாசகரை அதிகம் ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம். நிக்கான் டி600 கேமரா 2012 செப்டம்பரில் வந்தது. சில வாரங்களிலேயே, படத்தின் இடது மேல்பகுதியில் கரும்புள்ளிகள் தெரிவதாக வாங்கியவர்கள் புகார் சொல்லத் தொடங்கினார்கள். படம் எடுக்க எடுக்க, ஒளியைப் படமாக்கும் சென்சாரில் படிந்த அழுக்கு அது. லென்ஸ்களையும் கேமராக்களையும் வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனம் அந்த அக்டோபரிலேயே இதைப் பற்றி எழுதியது. பல டி600கள் வாடகைக்குப் போய்த் திரும்பின. ஒவ்வொன்றின் சென்சாரையும் துடைத்துவைப்பது அவர்கள் வேலை. அதனால் அவர்கள் கண்ணில் பட்டது. ஒரே ஒரு இரவல் கேமராவைச் சில நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், இது அவருக்குத் தட்டுப்படுவது கடினம். உத்தரவாதக் காலம் முடிந்தவர்களுக்கும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிக்கான் அறிவிக்க 2014 ஆகிவிட்டது.

ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது என்பது லென்ஸில் இன்னும் முக்கியம். ஒரே மாடலின் இரண்டு லென்ஸ்களில் ஒன்றின் ஓரம் கூர்மையாகவும் மற்றதன் ஓரம் மங்கலாகவும் இருக்கலாம். நிறுவனம் பார்த்து அனுப்பியதும் கடையில் நமக்குக் கிடைப்பதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதனைக்கான பொருள்களைக் கடையில் காசு கொடுத்தே வாங்குவது இதனால்தான்.

காணொளிக்குக் கீழே உள்ள வாங்கும் இணைப்பில் கமிஷன் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லிவிட்டதாலேயே நடுநிலை வந்துவிடாது.

நிறுவனத்தோடு மதிப்புரையாளர்களுக்கு உள்ள நெருக்கத்தால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். வடிவமைத்த பொறியாளரிடமே கேள்வி கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் கிடைக்கிறது. கேமராவில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களைப் பாருங்கள். வாங்கலாமா என்ற கேள்விக்கு, ஆறு மாதம் சொந்தமாக வைத்துப் புழங்கியவரைத் தேடுங்கள். அதே காட்சியைப் போட்டிக் கேமராவிலும் எடுத்து, இரண்டின் ரா கோப்புகளையும் (கேமரா மெருகேற்றாத மூலப் படங்கள்) நாமே இறக்கிப் பார்க்கத் தருபவரென்றால் இன்னும் நல்லது.

வாடகைக்குக் கிடைத்தால் வாங்குமுன் இரண்டு நாள் எடுத்துப் பயன்படுத்துங்கள். லென்ஸின் துளையை எஃப்/16 அளவுக்குச் சிறிதாக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் அழுக்கு இருந்தால் அதில் தெரிந்துவிடும்.