வாசகர் கேள்வி: மழைக்கு முன் ஒரு பாத்தி

புரட்டாசி பிறந்ததும் வீட்டுத் தோட்டக் கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலும் ஒரே குரல்தான்: தோட்டம் வேண்டும், ஆனால் அதற்காக மெனக்கெட நேரம் இல்லை.

ஆடிப்பட்டத்தைத் தவறவிட்டேன். இருவரும் வேலைக்குப் போகிறோம், தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இப்போது வெண்டை போடலாமா?
*வாசகி, மயிலாடுதுறை*

போடலாம். ஆனால் உங்களுக்கு வெண்டை சரிப்படாது. விதைத்த 45-ஆம் நாளில் காய்க்கத் தொடங்கினால் ஒன்று விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். ஞாயிறு முதல் ஞாயிறு வரை விட்டால் காய் முற்றி நாராகிவிடும். முற்றிய காய் செடியிலேயே தங்கினால் புதுக் காய் பிடிப்பதும் குறையும். கொத்தவரையும் அப்படித்தான். வாரம் ஒரு முறை பறிப்பவர்களுக்குப் பொறுமையான செடிகள் கத்தரி, மிளகாய், கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி ஆகியவைதான். பின்னிரண்டுக்கும் விதை தேட வேண்டாம். சந்தையில் வாங்கும் கட்டில் நல்ல தண்டாக எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் வேர் பிடித்துவிடும்.

இடம் கொஞ்சம் தாராளமாக இருந்தால் சர்க்கரைவள்ளியை விட்டுவிடாதீர்கள். இதைவிடச் சோம்பேறிக்கு ஏற்ற பயிர் இல்லை. முக்கால் அடி நீளக் கொடித்துண்டு, கூடியவரை நுனிப்பகுதியாகப் பார்த்து எடுத்து, வரப்பு கட்டி அதன் மேல் முக்கால் அடிக்கு ஒன்றாக நடுங்கள். வரப்புக்கு வரப்பு இரண்டு அடி. முதல் மாதம் களை எடுத்தால் போதும், பிறகு கொடியே தரையை மூடிக்கொள்ளும். மாதம் ஒரு முறை கொடியைத் தூக்கித் திருப்பிப் போடுங்கள். இல்லாவிட்டால் கணுவுக்குக் கணு வேர் இறங்கி, கிழங்கு நெல்லிக்காய் அளவிலேயே நின்றுவிடும். தொழு உரத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் பெருகும். 110 முதல் 120 நாளில் தோண்டலாம். புரட்டாசி முதல் வாரத்தில் நட்டால் பொங்கலை ஒட்டிக் கிழங்கு கைக்கு வரும். மண் வெடித்துக் கிழங்கு வெளியே தெரிந்தால் உடனே மண் அணைத்துவிடுங்கள். கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு அந்த வெடிப்பு வழியாகத்தான் இறங்கும்.

கொல்லையில் புல் மண்டிய பத்தடிக்குப் பத்தடி இடம் இருக்கிறது. கொத்திக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. கொத்தாமல் பாத்தி போட முடியுமா?
*வாசகர், செங்கல்பட்டு*

முடியும். ஆனால் நூறு சதுர அடியையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். நான்கடி அகலம், பத்தடி நீளத்தில் ஒரு பாத்தி போதும். நான்கடி என்றால் இரு பக்கத்திலிருந்தும் கை நடு வரை எட்டும். பாத்திக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. மிதிக்காத மண்ணைக் கொத்த வேண்டிய தேவையும் வராது.

புல்லைத் தரையோடு அறுத்து அங்கேயே பரப்பிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். அதன் மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட வேண்டும். ஒட்டியிருக்கும் டேப்பையும் பின்களையும் முதலில் உரித்துவிடுங்கள், வழவழப்பான வண்ண அட்டை வேண்டாம். ஓர் அட்டை அடுத்ததன் மேல் அரை அடி ஏறியிருக்க வேண்டும். இடுக்கு இருந்தால் புல் அந்த வழியாகத்தான் வரும். அட்டை சொதசொதவென்று ஆகும்வரை நனைத்து, அதன் மேல் நான்கு அங்குல உயரத்துக்கு மக்கிய தொழு உரமும் மண்ணும் சரிபாதியாகக் கலந்து பரப்புங்கள். இந்த அளவு பாத்திக்கு 13 கன அடி, அதாவது சிமெண்ட் சாக்கில் சுமார் 11 சாக்கு பிடிக்கும். உழைப்பெல்லாம் இந்தச் சாக்குகளைச் சுமப்பதோடு முடிந்தது.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. கோரை இருக்கும் மண்ணில் அட்டை பலிக்காது. கிழங்கிலிருந்து வரும் முளை ஊசி போல அட்டையைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். அங்கே கிழங்கைத் தோண்டி எடுப்பது தவிர வேறு வழியில்லை, அல்லது இடத்தை மாற்றுங்கள். அருகம்புல் மேலே வராது, பக்கவாட்டில் ஓடி வரும். பாத்தியைச் சுற்றி அரை அடி ஆழத்தில் மண்வெட்டியால் ஒரு கீறல் போட்டு வைத்து, மாதம் ஒரு முறை புதுப்பித்தால் அடங்கும். மூன்றாவது கரையான். அட்டை காய்ந்து கிடந்தால் அதற்கு விருந்துதான். சுவரிலிருந்து இரண்டடி தள்ளியே பாத்தி போடுங்கள், ஈரம் காயவிடாதீர்கள். மழை தொடங்கினால் அட்டை மக்கிப் போய்விடும், கரையானுக்கு மிச்சம் இருக்காது.

கத்தரி, மிளகாய் நாற்று நடும் இடத்தில் மட்டும் கத்தியால் அட்டையைக் கீறிவிடுங்கள். கீரையை அப்படியே மேலே தூவலாம். முதல் பருவத்தில் முள்ளங்கி வேண்டாம். நான்கு அங்குலத்தில் அட்டை தடுக்க, கிழங்கு இரண்டு கால், மூன்று கால் விட்டுக் கோணிக்கொள்ளும்.

சென்ற ஆண்டு மாடியில் வைத்த க்ரோ பேக் செடிகள் எல்லாம் ஐப்பசி மழையில் அழுகின. வாடுகிறதே என்று தண்ணீர்கூட விட்டேன்.
*வாசகி, சென்னை*

அந்தத் தண்ணீர்தான் கடைசி அடி. ஈர மண்ணில் செடி வாடினால் அது தாகமில்லை, வேருக்கு மூச்சு முட்டுகிறது. இலை வாடியதும் முதலில் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் குடத்தை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடியில் ஓட்டை இருந்தும் நீர் வடியாததற்குக் காரணம், பை தரையோடு ஒட்டி உட்கார்ந்து ஓட்டையை அடைத்துக்கொள்வதுதான். ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பக்கவாட்டிலும் நான்கு ஓட்டை போடுங்கள். கலவையையும் பருவத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் மூன்றும் சமம் என்ற கணக்கு கோடைக்குச் சரி. கோகோபீட் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள், அடைமழையில் அதுவே எமன். மழைக்காலத்துக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கோகோபீட், ஒரு பங்கு மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு என்று கலந்துகொள்ளுங்கள்.

தொடர்மழைக்குப் பின் அடியிலைகள் மட்டும் ஒரே சீராக மஞ்சளானால் நோய் என்று பயந்து மருந்து அடிக்காதீர்கள். சத்து மழையோடு கரைந்து ஓடிவிட்டது, அவ்வளவுதான். மழை ஓய்ந்ததும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளியுங்கள். இன்னொன்று: 12 அங்குலப் பை நனைந்தால் 25 கிலோவுக்கு மேல் கனக்கும். மாடியின் நடுவில் கூட்டி வைக்காமல் சுவர்களை ஒட்டி வரிசையாக வையுங்கள்.

கீரை விதை தூவினால் ஒரு மூலையில் கொத்தாக முளைக்கிறது, மற்ற இடம் வழுக்கை. ஏன்?
*வாசகர், விருதுநகர்*

ஒன்று, தூவியது சீராக இல்லை. இரண்டு, மழையோ குடத்துத் தண்ணீரோ விதையை ஓரமாக அடித்துச் சென்றது. மூன்று, எறும்பு. பத்துச் சதுர அடிக்கு அரைத் தேக்கரண்டி விதை போதும், அதை இரண்டு கைப்பிடி காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கில், மீதியை அகலவாக்கில் தூவுங்கள். மேலே கால் அங்குலத்துக்குச் சலித்த உரத்தைத் தூவி, கையால் தட்டி, பழைய கோணியை விரித்து அதன் மேலேயே தண்ணீர் தெளியுங்கள். விதை நகராது, எறும்பும் எளிதில் எடுத்துப் போகாது. மூன்றாம் நாளிலிருந்து கோணியைத் தூக்கிப் பாருங்கள். முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளிறி நீண்டு சாய்ந்துவிடும்.

சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்குவது. வேலை குறைய வேண்டுமென்றால் அரைக்கீரை போட்டு, மேலே மேலே அறுத்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லியைக் கார்த்திகைக் கடைசிவரை தள்ளி வையுங்கள். அடைமழையில் அழுகும், இப்போதைய வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும்.

தக்காளி, கத்தரிக்கு விதை போட்டு நாற்று விடுவதா, நாற்றாகவே வாங்குவதா?
*வாசகி, தஞ்சாவூர்*

ஆறு செடிக்காக நாற்றங்கால் வேண்டாம். நர்சரியில் குழித்தட்டு நாற்று வாங்குங்கள், ஒரு மாத வேலை மிச்சம். உயரமானதைப் பார்த்து எடுக்காதீர்கள். தண்டு பருத்து, நான்கைந்து இலையோடு, பூ விடாமல் இருப்பதே நல்ல நாற்று. வெயில் சாய்ந்த பிறகு நடுங்கள். தக்காளியை முதல் இலைவரை மண்ணுக்குள் இறக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரியை அப்படிப் புதைக்க வேண்டாம். நட்ட அன்றே குச்சியையும் ஊன்றிவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறும். தூரில் இரண்டு அங்குலம் காய்ந்த சருகோ வைக்கோலோ பரப்பினால் மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிக்காது. தக்காளியில் இலைக்கருகல் பெரும்பாலும் அந்தத் தெறிப்பில்தான் தொடங்கும். பரப்பிய இந்த மூடாக்கு தண்டைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். கத்தரியில் நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு. அந்தக் குருத்தை ஒடித்து நசுக்குவதே போதுமான வைத்தியம்.

பந்தல் அவரை ஆடியில்தானே போட வேண்டும்? இப்போது போட்டால் காய்க்குமா?
*வாசகர், திண்டுக்கல்*

காய்க்கும். பழைய பந்தல் அவரை இரகங்கள் பகல் குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டால் பூக்கும் முன் கொடி பந்தலை நிறைத்துவிடும், மகசூல் அதிகம். புரட்டாசியில் போட்டால் கொடி சிறிதாக இருக்கும்போதே பூத்துவிடும், காய் குறையும். ஆனால் சிறிய பந்தலே போதும், நாலு பேர் உள்ள வீட்டுக்கு அதுவே தாராளம். இவ்வளவு காத்திருக்க முடியாதென்றால் குத்து அவரை போடுங்கள், அதற்குப் பந்தலும் வேண்டாம், பருவமும் பார்க்க வேண்டாம்.

மழை பெய்தால் பெரிய நத்தைகள் வந்து ஒரே இரவில் நாற்றைத் தின்றுவிடுகின்றன. உப்புப் போடலாமா?
*வாசகி, நாகர்கோவில்*

பாத்தியில் உப்பைக் கொட்டினால் நத்தையோடு செடியும் போகும். பொழுது சாயும்போது நனைத்த கோணியை மடித்து, உள்ளே பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் தழையோ வைத்துப் பாத்தி ஓரத்தில் போடுங்கள். விடியற்காலையில் அத்தனையும் அதற்குள் கூடியிருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், ஆப்பிரிக்க நத்தை மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணியைச் சுமக்கக்கூடியது. கையுறையோடு பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்ற வேண்டாம்.