கடைசியாக வந்த நாளிலிருந்து வயிற்றுவலி

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. ஒரு வருடமாக ஆசை ஆசையாக நீச்சல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள், போன மாதம் முதல்முறையாகப் போட்டியில் கலந்துகொண்டு கடைசியாக வந்தாள். அதிலிருந்து வகுப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிறு வலிக்கிறது என்கிறாள். "இந்த வயதிலேயே போட்டிக்குப் பழக்கினால்தான் உண்டு" என்கிறார் கணவர். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. ஆனால் நீச்சலை நிறுத்திவிடாதீர்கள்.

வயிற்றுவலியை நடிப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். பயம் வந்தால் பிள்ளைகளுக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும். வகுப்பு இல்லாத நாளிலும் வலித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பல வருடம் நீச்சல் கற்றுக்கொடுத்தவன் நான். ஒரு பையன் இன்னும் மனதில் நிற்கிறான். நீந்தி முடித்துச் சுவரைத் தொட்டான், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான், எத்தனாவது வந்தோம் என்றுகூடப் பார்க்காமல் நேராக அப்பா முகத்தைத் தேடினான். அவர் திட்டவெல்லாம் இல்லை, தலையைக் குனிந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான், பையனுக்கு உதடு பிதுங்கிவிட்டது. தோற்றதைப் பிள்ளைகள் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார்கள், ஆனால் அந்த நேரத்தில் நம் முகம் எப்படி இருந்தது என்பதை லேசில் மறக்க மாட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இனிமேல் அவளாகப் பேச்செடுத்தால் ஒழிய, வரும் வழியில் நீச்சலைப் பற்றி நீங்கள் பேசவே வேண்டாம்.

இன்னொன்று, ஒரே வயதுப் பிரிவு என்றாலும் ஒரு பிள்ளை இன்னொன்றைவிடப் பத்துப் பதினோரு மாதம் மூத்ததாக இருக்கலாம், 7 வயதில் அது உயரத்திலும் பலத்திலும் பெரிய வித்தியாசம். அவள் கடைசியாக வந்ததற்குக் காரணம் அதுவாகக்கூட இருக்கலாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு நார்வே கதையைச் சொல்லுங்கள். அங்கே சிறுவர் விளையாட்டுக்கென்று 1987-லேயே விதிகள் கொண்டுவந்துவிட்டார்கள். சின்ன வயதில் உள்ளூர்ப் போட்டிகள் உண்டு, ஆனால் 11 வயதுக்கு முன்னால் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு முதலிடம் பிடித்தது அந்தச் சின்ன நாடுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸும், ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடலாம் என்கிறது, வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது ஓய்வு வேண்டும் என்கிறது. வளரும் எலும்பு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் தாங்காது. அதனால் நீச்சலோடு ஓட்டம், பந்து, மரம் ஏறுவது எல்லாமே இருக்கட்டும்.

வகுப்பில் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியாளர் தப்பு செய்த பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார்? பிள்ளைகள் சிரிக்கிறார்களா? மற்றவர்கள் முன்னால் அவமானப்படுத்துகிறவர் என்றால், அவர் எவ்வளவு பதக்கம் வாங்கிக்கொடுத்தவராக இருந்தாலும் சரி, இடத்தை மாற்றிவிடுங்கள். நல்லவராக இருந்தால் வயிற்றுவலி விஷயத்தை அவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள், கொஞ்ச நாள் நேரம் குறிக்காமல் தண்ணீரில் விளையாட விடச் சொல்லுங்கள். அப்புறம் போன வாரம் மூச்சு வாங்க நான்கு முறை நின்றவள் இந்த வாரம் இரண்டு முறைதான் நின்றாள் என்றால், அதை அவளிடம் சொல்லுங்கள். அவளுக்கு அதுதான் போட்டி.

மறுபடி போட்டி எப்போது என்றால், அவளே வந்து கேட்கும்போது. அதுவும் முதலில் நாலு பேர் சேர்ந்து நீந்தும் ரிலேயில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள், கூட்டாளிகளோடு என்றால் பயம் பாதி குறையும். அன்றைக்கு நீந்தி முடித்ததும் அவளும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உங்கள் பக்கம்தான் திரும்புவாள். அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.