ஆந்தைக் குஞ்சு அரசு தருமா?

கேள்வி: குறுவையில் எலி வெட்டு தாங்கவில்லை. முன்பு ஊரில் கூகை ஆந்தையும் சாரைப்பாம்பும் நிறைய இருந்தன; இப்போது கண்ணிலேயே படுவதில்லை. அரசு ஆந்தைக் குஞ்சு கொடுத்தால் வளர்க்கத் தயார். யாரிடம் கேட்பது?
— ஒரு வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: யாரிடமும் கேட்காதீர்கள். ஆந்தையைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டில் கிடக்கும் ஆந்தை உங்கள் வயலுக்கு எலி பிடிக்க வரப்போவதுமில்லை.

கடிதத்தில் ஒரு விவரத்தை விட்டுவிட்டீர்கள்: எலிக்கு எந்த மருந்து வைத்தீர்கள்? கடையில் வில்லையாகக் கிடைக்கும் புரோமடையலோன் என்றால், கூகை ஏன் காணவில்லை என்பதற்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அதைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் உள்ளுக்குள் கசிந்து, சில நாள் சோம்பித் தடுமாறித் திரியும். இரவில் கூகைக்கு முதலில் சிக்குவது அந்த எலிதான். விஷம் எலியின் ஈரலில் தங்கியிருக்கும். நாலு எலி தின்ற கூகையின் ஈரலிலும் சேரும். இன்னொரு எலி மருந்தான ஜிங்க் பாஸ்பைடு அப்படிச் சேர்வதில்லை. ஆனால் நேரடியாகத் தின்னும் எதையும் கொல்லும், மயில் உட்பட. தவிர, ஒருமுறை தின்று பிழைத்த எலி மறுபடி அதைத் தொடாது. அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத பொரியை வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு 49 பங்கு பொரிக்கு 1 பங்கு மருந்து கலக்கச் சொல்கிறார்கள். வளைக்குள் வைத்து வாயை அடைக்க வேண்டும். வரப்பில் இறைப்பது வேண்டாம்.

கூகை தங்க இடமும் போய்விட்டது. பொந்துள்ள பட்டுப்போன பனையை விறகுக்கு வெட்டிவிடுகிறோம். ‘சாக்குருவி’ என்று கல்லெறிவது வேறு. கூகை தங்க மரப்பெட்டி வைத்தால் வரும். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலிக்கு இந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். பெட்டியின் வாய் 13 செ.மீ. சதுரம் போதும். வாயின் கீழ்விளிம்பிலிருந்து அடிப்பலகை வரை 45 செ.மீ. ஆழம் கட்டாயம் வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ஆழம் குறைந்தால், பறக்கத் தெரியாத குஞ்சு வாயில் வந்து நின்று கீழே விழும். தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில், மின்கம்பிக்கும் நெடுஞ்சாலைக்கும் தள்ளி வையுங்கள். உள்ளே வைக்கோல் பரப்ப வேண்டாம். செரிக்காத மயிரையும் எலும்பையும் கூகை உருண்டையாகக் கக்கும். அது நொறுங்கிய தூள்மேலேயே முட்டையிடும். பெட்டிக்கு அடியில் கறுத்த உருண்டைகள் கிடந்து, உடைத்தால் எலி மண்டையோடு தெரிந்தால் ஆள் குடிவந்தாயிற்று. அதற்கு ஓரிரு வருடம்கூட ஆகலாம்.

சாரைக்கு விஷமே கிடையாது, வளைக்குள்ளேயே புகுந்து எலி பிடிக்கும். ஆனாலும் கண்ட இடத்தில் அடிக்கிறோம். ‘சாரையும் நல்லபாம்பும் பிணைகின்றன’ என்று ஊரே கூடி வேடிக்கை பார்க்குமே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் சண்டை. அடியிலிருந்து தப்பியது நைலான் வலையில் மாட்டிச் சாகிறது. தோட்டத்துக்கு வலை கட்டினால் தரையிலிருந்து ஒரு முழம் விட்டுக் கட்டுங்கள். கோழிக்குத் தடுப்பு வேண்டுமென்றால் கீழ்ப்பகுதிக்குப் படல் வையுங்கள். பழைய வலையைச் சுருட்டி வேலியோரம் போடாதீர்கள்.

இந்தப் போகத்துக்கு வழி: ஏக்கருக்கு 15 முதல் 20 இடத்தில் தென்னை மட்டையையோ ‘டி’ வடிவக் கழியையோ நடுங்கள். பகலில் கரிச்சான் பூச்சிக்கு உட்காரும், இரவில் ஆந்தை எலிக்கு உட்காரும். கதிர் பால் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவி வந்து உட்காரும். வரப்பைக் குறுக்கிச் செதுக்குங்கள். அகல வரப்பில்தான் எலி வளை தோண்டும். கிட்டி (எலிப்பொறி) வைப்பவரை அழைப்பதானால் பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் வைத்தால் அடுத்த வயல் எலி உங்கள் காலி வளைக்குக் குடிவந்துவிடும்.